பெண் பைற்றர் மீன்களைக் கூட்டமாக வளர்த்தல்: வன்னி வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

பைற்றர் மீன் (சண்டை மீன்) விற்கும் கடைகளில் போத்தல்களை வரிசையாக அடுக்கி, இடையிடையே மட்டைத் துண்டு செருகி வைத்திருப்பார்கள். போத்தலுக்கு ஒரு மீன். ஆண் மீன்களைத் தனித்தனியாக வைப்பது சரிதான், அந்தப் போத்தல்தான் அவற்றுக்குப் போதாது. பெண் மீன்களின் கதை வேறு. நன்றாக ஆயத்தம் செய்தால் ஆறேழு பெண்களை ஒரே தொட்டியில் வைத்துப் பார்க்கலாம். நீலம், சிவப்பு, வெண்கலம் என்று நிறம் நிறமாக அவை செடிகளுக்குள்ளால் நுழைந்து திரிவது கண்ணுக்கு அவ்வளவு நிறைவு.

ஆனால் ஒன்றை முதலே சொல்லிவிட வேண்டும். "பெண் மீன் சண்டை பிடிக்காது" என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். பிடிக்கும். ஆணைவிடக் குறைவாகப் பிடிக்கும், அவ்வளவுதான். இந்த மீனின் தாயகம் தாய்லாந்து. அங்கே வயல்களிலும் வாய்க்கால்களிலும் செடி அடர்ந்த ஆழமில்லாத தண்ணீரில் வாழும். 1910இல் பெற்றா ஸ்பிளென்டென்ஸ் என்ற விஞ்ஞானப் பெயரை வைத்தவர் சார்ள்ஸ் ரேற் ரீகன். நம் கைக்கு வருபவை காட்டு மீன்கள் அல்ல. சண்டைக்கென்றும் அழகுக்கென்றும் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்து பெருக்கப்பட்டவை. சண்டைக் குணம் பெண்ணுக்கும் வழி வழியாக இறங்கியிருக்கிறது.

வயலில் இரண்டு பெண்கள் முட்டிக்கொண்டால் தோற்றது புல்லுக்குள் ஓடிவிடும், சண்டை முடிந்துவிடும். கண்ணாடித் தொட்டியில் ஓட இடமில்லை. கூட்டமாக வளர்ப்பதில் வரும் எல்லாக் கரைச்சலும் இதிலிருந்துதான். தோற்ற மீனுக்குப் போக இடம் வேண்டும். தொட்டியின் நீளம், செடி, மீன்களின் எண்ணிக்கை, வீட்டில் எடுத்து வைத்திருக்கும் வெறும் பெட்டிகள் எல்லாமே அதற்காகத்தான்.

யார் தொடங்கக் கூடாது

ஆறு மீன் வாங்கினால், தேவைப்படும்போது ஆறையும் தனித்தனியாக வைக்கப் பத்து லீற்றர் அளவில் ஆறு பெட்டிகள் வீட்டில் இருக்க வேண்டும். மூடியுள்ள தெளிவான பிளாஸ்ரிக் பெட்டி போதும். ஆறும் ஒரே நாளில் தேவைப்படாது, ஒன்றோ இரண்டோ கட்டாயம் ஒரு நாள் தேவைப்படும். இதற்கு வசதியில்லை, அல்லது முதல் இரண்டு வாரம் வீட்டில் நின்று பார்க்க முடியாது என்றால், ஒரு பைற்றரை அழகான தொட்டியில் தனியாக வளருங்கள். அதுவும் நல்ல வளர்ப்புத்தான். கூட்டமாக வைப்பதே தவறு என்று சொல்லும் அனுபவசாலிகளும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பல மாதம் அமைதியாக இருந்த கூட்டம் ஒரு கிழமைக்குள் குழம்புவது நடக்கிற விஷயம்.

தொட்டி

மூன்றடி நீளம், ஓரடி அகலம், பதினைந்து அங்குல உயரம். விளிம்பு வரை கணக்குப் பார்த்தால் 105 லீற்றருக்குச் சற்று மேலே வரும். ஆறேழு பெண்களுக்கு இது நல்ல அளவு. 75 லீற்றருக்குக் கீழே போகவே வேண்டாம். ஓரடி அகலமும் உயரமும் உள்ள இரண்டடித் தொட்டி 56 லீற்றர்தான் கொள்ளும், அது கூட்டத்துக்குப் போதாது. உயரத்தைவிட நீளம் முக்கியம். ஏனென்றால் துரத்தப்படும் மீன் பக்கவாட்டில்தான் ஓடும்.

மணலும் தண்ணீரும் சேர்ந்தால் நூற்றிருபது கிலோவுக்கு மேல் பாரம் வரும், அதனால் மேசை உறுதியாக, ஆட்டமில்லாமல் இருக்க வேண்டும். தகரக் கூரை வீடென்றால் கூரைச் சூடு இறங்கும் இடத்தையும், பின்னேர வெயில் அடிக்கும் மேற்குச் சுவரையும் தவிர்த்துவிடுங்கள்.

மூடி கட்டாயம். பைற்றர் பாயும், அதிலும் துரத்தப்படும் பெண் கட்டாயம் பாயும். மூடிக்கும் தண்ணீருக்கும் இடையில் நான்கைந்து சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள். நம் குளத்து விராலும் பனையேறியும் மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பைற்றரும் அந்த வகைதான். பூவுக்கு (செவுளுக்கு) மேலே தனிச் சுவாச உறுப்பு இருக்கிறது, காற்றை வாயால் எடுத்துத்தான் அது உயிர் வாழ்கிறது. அந்த இடைவெளியில் நிற்கும் காற்று ஈரமாகவும் இளஞ்சூடாகவும் இருப்பது நல்லது.

இதே காரணத்தால் நுளம்புத்திரி விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும். திரியிலும் நுளம்புக்கு அடிக்கும் புகையிலும் உள்ள பைரித்திரொயிட் வகை மருந்துகள் மீன்களுக்குக் கடும் நஞ்சு. தொட்டி இருக்கும் அறையில் திரி கொளுத்த வேண்டாம். டெங்குக்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் காற்றுப் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத் துணியாலும் பொலித்தீனாலும் இறுக மூடி, புகை முற்றாகக் கலைந்த பிறகு திறவுங்கள். பக்கத்து வயலில் மருந்து அடிக்கும் நாளிலும் அந்தப் பக்க யன்னலைச் சாத்தி வையுங்கள்.

தண்ணீர்

வன்னியில் மீன் வளர்ப்பவர் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இது. கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவு பிடிக்கிற வீடென்றால் உங்கள் கிணற்றுத் தண்ணீர் வன்மையானது. வவுனியாவிலும் சுற்றுப்புறத்திலும் இது சாதாரணம், குடிப்பதற்கு ஆர்.ஓ. தண்ணீர் (உப்புகளை வடித்தெடுத்த தண்ணீர்) வாங்குவதும் பலருக்கு வழக்கமாகிவிட்டது. பைற்றருக்குப் பிடித்தது மென்மையான தண்ணீர், பி.எச். 6.5 முதல் 7.5 வரை. ஆனால் ஓரளவு வன்மையான தண்ணீருக்கும் பழகிவிடும். தண்ணீர் அடிக்கடி மாறுவதைத்தான் அது தாங்காது. இந்தக் கிழமை கிணற்றுத் தண்ணீர், அடுத்த கிழமை மழைத் தண்ணீர் என்று மாற்றி மாற்றி ஊற்றுவதைவிட, என்றும் ஒரே தண்ணீரை ஊற்றுவது மேல்.

வன்மை மிகக் கூடவென்றால் கிணற்றுத் தண்ணீரில் பாதியும் ஆர்.ஓ. தண்ணீரில் பாதியும் கலவுங்கள். அந்த விகிதத்தைச் சுவரில் எழுதி ஒட்டி, எப்போதும் அதையே பின்பற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றக் கூடாது. அதில் உப்புகள் மிகக் குறைவாக இருப்பதால் பி.எச். திடீரென்று சரிந்துவிடும். மாரியில் மழைத் தண்ணீர் பிடிப்பதென்றால் முதல் மழைகளை விட்டுவிட்டு, கூரை நன்றாகக் கழுவுப்பட்ட பிறகு பிடியுங்கள். பூநகரிப் பக்கமும் கரையோரக் கிராமங்களிலும் சவர்க் கிணறுகள் உண்டு, அந்தத் தண்ணீர் இந்த மீனுக்கு ஆகாது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்த வாளியில் காற்றுப் பம்பு போட்டு வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமைன் கலந்திருந்தால் போகாது, ஆகவே கடையில் விற்கும் குளோரின் நீக்கியைப் போடுவதே பாதுகாப்பு. கிணற்றுத் தண்ணீருக்கு அது தேவையில்லை என்று நினைத்துவிட வேண்டாம். மாரியில் வெள்ளம் வந்து வடிந்த பிறகு கிணறுகளை இறைத்துக் குளோரின் போடுவார்கள். அந்த நாட்களில் கிணற்றுத் தண்ணீரை நேரே தொட்டிக்கு ஊற்றினால் மீன்களின் பூ வெந்துவிடும். வீட்டில் யார் எப்போது கிணற்றுக்கு மருந்து போட்டார்கள் என்று கேட்டுவிட்டு ஊற்றுங்கள்.

வெப்பநிலை 25 முதல் 28 பாகை. சித்திரை வெயிலிலும் சோளகம் வீசும் மாதங்களிலும் தண்ணீர் அதைத் தாண்டும். மூடியில் ஒரு பகுதியை வலையாக மாற்றி, சின்ன மின்விசிறியைத் தண்ணீர்ப் பரப்புக்கு மேலால் சாய்த்து வீசவிட்டால் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஐஸ் கட்டி போட வேண்டாம், திடீர் இறக்கம் சூட்டைவிடக் கெடுதல். ஹீற்றர் எங்கள் ஊருக்கு எதற்கு என்று கேட்பார்கள். மார்கழி, தை இரவுகளில் வாடைக்காற்றோடு மழையும் பிடித்தால் தண்ணீர் 23 பாகைக்கும் கீழே போகும். நோய்கள் தொற்றுவதும் அந்த நாட்களில்தான். 100 வாற்று ஹீற்றர் ஒன்று போதும். வெப்பமானியைக் காலையிலும் பின்னேரத்திலும் பாருங்கள்.

தொட்டி பழுக்க விடுதல்

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வரும். அது நஞ்சு. ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும், அதை மீன் ஓரளவு தாங்கும். இந்தப் பற்றீரியாக்கள் பில்ற்றரிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். இந்தக் காலம் முடியுமுன் மீனை விடக் கூடாது.

செய்வது சுலபம். தொட்டியை நிரப்பி, ஸ்பொஞ் பில்ற்றரை ஓடவிட்டு, நாளுக்கு ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அமோனியா வரும். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால் அதன் ஸ்பொஞ்சை உங்கள் தொட்டிக்குள் பிழிந்துவிடுங்கள், காலம் பாதியாகக் குறையும். சோதனைப் பெட்டியில் அமோனியா பூச்சியம், நைத்திரைற்று பூச்சியம், நைத்திரேற்று மட்டும் ஏறியிருக்கிறது என்று காட்டினால் தொட்டி தயார். அப்புறம் பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

பில்ற்றரில் ஸ்பொஞ் வகையைத்தான் சொல்வேன். இந்த மீன் வேகமான ஓட்டத்தில் களைத்துவிடும். இன்னொன்று, மின்வெட்டு. கரண்ட் போனால் பைற்றர் மேலே வந்து காற்றெடுத்துத் தப்பிவிடும், ஆனால் பில்ற்றருக்குள் இருக்கும் பற்றீரியாவுக்கு ஒட்சிசன் வேண்டும். மணிக்கணக்காகப் போய்விட்டால் அது சாகத் தொடங்கும். பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வைத்திருங்கள்.

செடியும் மறைவிடமும்

என்னைக் கேட்டால் கூட்டம் பிழைப்பதும் பிழைக்காததும் இங்கேதான் தீர்மானமாகிறது. அளவு பார்க்க ஒரு வழி: தொட்டிக்கு முன்னால் இருந்து பாருங்கள். பின்கண்ணாடி தெளிவாகத் தெரிந்தால் செடி போதாது. ஒரு மூலையில் நிற்கும் மீனுக்கு மறு மூலையில் நிற்கும் மீன் தெரியக் கூடாது. கண்ணில் படாத மீனை எந்தப் பெண்ணும் துரத்திப் போவதில்லை.

வேலம்பாசி நம் குளங்களில் தாராளமாகக் கிடைக்கும், வேகமாக வளரும், நைத்திரேற்றையும் உறிஞ்சும். ஆனால் குளத்துச் செடியோடு அட்டையும் நத்தையும் தும்பிக் குடம்பியும் வரும். தும்பிக் குடம்பி சின்ன மீனைப் பிடித்துத் தின்னும். செடியை உதறிக் கழுவி, இளஞ்சிவப்பாக வரும் அளவுக்கு மட்டும் கொண்டிஸ் (பொற்றாசியம் பேர்மங்கனேற்று) கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, ஒரு கிழமை தனி வாளியில் வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். கடையில் வாங்குவதென்றால் ஜாவா பர்ன், அனூபியாஸ், கிரிப்ரொகொரைன். கிரிப்ரொகொரைனில் பல இனங்கள் இலங்கைக்கே உரியவை, குறைந்த வெளிச்சத்திலும் நன்றாக நிற்கும். மேலே மிதக்கும் செடியும் கொஞ்சம் வேண்டும். அதன் வேர்க் கூட்டத்துக்குள் அடங்கிய மீன்கள் படுத்திருக்கும்.

மணலுக்கு ஆற்று மணல் நல்லது. கடற்கரை மணல், சிப்பி, முருகைக்கல் வேண்டாம், அவை தண்ணீரை இன்னும் வன்மையாக்கும். சந்தேகமான கல்லென்றால் அதன்மேல் கொஞ்சம் வினாகிரி விட்டுப் பாருங்கள், தேசிக்காய்ப் புளியும் சரிதான். நுரைத்தால் அது சுண்ணக் கல், வெளியே போடுங்கள்.

மறைவிடத்துக்குச் சிரட்டையைவிட நல்லது எனக்குத் தெரியாது. தும்பை நன்றாகச் சுரண்டி, இரண்டு மூன்று தண்ணீரில் அவித்து, விளிம்பை உரைத்து மழமழப்பாக்குங்கள். பைற்றரின் செட்டை பட்டுத் துணி போல, கூரான எதிலும் கிழியும். ஒன்றை மறக்க வேண்டாம்: ஒவ்வொரு சிரட்டைக்கும் இரண்டு வாசல் வேண்டும். ஒரு வாசல் உள்ள மறைவிடத்துக்குள் தோற்ற மீன் போய்விட்டால், துரத்தியது வாசலில் நின்றுகொள்ளும். உள்ளே போனது வெளியே வர முடியாமல் அங்கேயே அடி வாங்கும். உடைந்த மண்சட்டியும் பி.வி.சி. குழாய்த் துண்டும் உதவும். மீன்களைவிட மறைவிடங்கள் கூடுதலாக இருக்க வேண்டும்.

காய்ந்து தானாக விழுந்த நாட்டு வாதுமை இலை இரண்டு மூன்று போடுங்கள். தண்ணீர் தேயிலைச் சாயமாக மாறும். அந்தச் சாயத்தில் உள்ள தனின் மீனுக்கு இதம், வெளிச்சத்தையும் மட்டுப்படுத்தும். மருந்து அடித்த மரத்தின் இலையோ வீதியோரப் புகை படிந்த இலையோ வேண்டாம்.

மீன் தெரிவு

இரண்டும் மூன்றும் வேண்டாம். இரண்டு வைத்தால் பலமானது மற்றதையே நாள் முழுக்கத் துரத்தும். மூன்று வைத்தாலும் அதே கதைதான். ஐந்துக்கு மேல் போகும்போது கோபம் பலரிடம் பிரிந்துபோகும். மூன்றடித் தொட்டிக்கு ஆறு அல்லது ஏழு.

ஒரே தாய்க்குப் பிறந்து ஒன்றாக வளர்ந்த சகோதரிகள் கிடைத்தால் அதற்கு மிஞ்சிய தெரிவு இல்லை. கடையில் போத்தலில் தனியாக வளர்ந்தவை மற்ற மீனைக் கண்டு பழகாதவை, பொருந்திப்போக நாள் எடுக்கும். முடிந்தால் குஞ்சு பெருக்குபவரிடம் நேரே போய், மூன்று நான்கு மாத வயதுள்ள, ஒரே பருமனான பெண்களை ஒன்றாக வாங்குங்கள்.

பெண்தானா என்று பார்ப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பரந்தனிலிருந்து பள்ளிக்கூடப் பெடியன் ஒருவன் தொட்டியைப் படமெடுத்துக்கொண்டு வந்தான். "அண்ணை, பொம்பிளை மீன் எண்டுதான் தந்தவங்கள், ஆனா ஒண்டு மற்ற எல்லாத்தையும் கடிச்சுப்போட்டுது." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கடிக்கிற மீன் பிளக்காற் ஆண். பிளக்காற் என்பது செட்டை குட்டையான வகை, அதன் ஆண் தூரத்தில் பெண் போலவே தெரியும். அவனுடைய தொட்டியில் வேறு பிழை எதுவும் இல்லை. அதை எடுத்ததும் மற்றவை அடங்கிவிட்டன.

ஆகவே வாங்குமுன் நெருங்கிப் பாருங்கள். பெண்ணுக்கு வயிற்றடியில், அடிச்செட்டைகளுக்குப் பின்னால், வெள்ளைப் புள்ளி ஒன்று உப்புக்கல் அளவில் துருத்தி நிற்கும். அது முட்டைக் குழாய். வயிறு உருண்டையாக இருக்கும். பிறகு போத்தலுக்குப் பக்கத்தில் கண்ணாடி ஒன்றைப் பிடியுங்கள். மீன் தன் உருவத்தைப் பார்த்துப் பூவை விரிக்கும்போது கீழால் தாடி போல ஒரு தோல் வெளியே வரும். ஆணுக்கு அது பெரிதாக, முழு வட்டமாக விரியும். பெண்ணுக்கு மெல்லிய கோடளவில்தான் தெரியும். குஞ்சாக உள்ள ஆணுக்கும் வெள்ளைப் புள்ளி தெரிவதுண்டு, அதனால் இரண்டு அடையாளத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

தூரத்திலிருந்து கொண்டுவருவதென்றால் தனித்தனிப் பையில், ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, காலை பஸ்ஸில் ஏறுங்கள். நண்பகல் வெயிலில் ஏ9 வீதி பஸ்ஸின் யன்னலோரம் அந்தப் பைகளுக்கு ஏற்ற இடமல்ல.

தனிமைப்படுத்தல்

வந்தவுடன் தொட்டிக்குள் விட வேண்டாம். ஒவ்வொன்றையும் தனிப் பெட்டியில் குறைந்தது இரண்டு கிழமை, முடிந்தால் நான்கு கிழமை வைத்திருங்கள். பெட்டியில் பில்ற்றர் இல்லையென்றால் ஒன்றைவிட்ட ஒருநாள் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். இருட்டில் ரோச் லைற்றைச் சரித்து அடித்து உடம்பைப் பாருங்கள். பொன் தூசி தூவியது போல மினுங்கினால் வெல்வெற் நோய், உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் என்றால் இக். ஒரு மீனில் இருப்பது தொட்டிக்குள் போனால் ஏழுக்கும் பரவும்.

இந்த நாட்களில் குணத்தையும் படித்துக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மட்டையை எடுங்கள். எல்லாமே முதலில் பூவை விரிக்கும். சில நிமிடத்தில் அலுத்துத் திரும்புபவை கூட்டத்துக்கு ஏற்றவை. விடாமல் கண்ணாடியை முட்டிக்கொண்டே நிற்பது எது என்று குறித்து வையுங்கள். பின்னேரத்தில் திரும்ப வைத்தாலும் அதையே செய்தால் அதைக் கூட்டத்தில் சேர்க்காமல் தனியாக வளர்ப்பது நல்லது.

விடும் நாள்

வீட்டில் நீங்கள் நிற்கும் நாளாகப் பார்த்து, சனிக்கிழமை காலை போல, வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் விளக்கை அணைத்துவிடுங்கள். பெட்டித் தண்ணீரோடு தொட்டித் தண்ணீரை ஒவ்வொரு கோப்பையாக அரை மணித்தியாலம் கலந்து பழக்குங்கள். அடங்கியவற்றை முதலில் விடுங்கள். அவை மறைவிடங்களைக் கண்டுபிடிக்கட்டும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு நடுத்தரமானவை, கடைசியாகத் துணிந்தவை. எல்லாம் ஒரே நாளில் போக வேண்டும். ஒன்று முதலே குடியேறி முழுத் தொட்டியையும் தனதாக்கிவிட்டால், பிறகு வருபவை எல்லாம் அதற்கு எதிரிதான்.

முதல் மணித்தியாலத்தில் பார்க்க வேண்டியது இது. இரண்டு பெண்கள் பக்கம் பக்கமாக, தலையும் வாலும் எதிரெதிராக நிற்கும். செட்டை முழுவதும் விரியும், நிறம் ஏறும், உடம்பு நடுங்குவது போல அலையும். ஒன்று வாலால் தண்ணீரை அடிக்கும். பிறகு ஒன்று செட்டையை மடித்துக்கொண்டு, தலையைச் சற்றுச் சரித்துப் பின்வாங்கும். மற்றது ஒரு முழம் துரத்திவிட்டுத் திரும்பிவிடும். இது நடக்க வேண்டும். யார் மேல், யார் கீழ் என்று அவை தீர்மானிப்பது இப்படித்தான். இதைக் கண்டு பயந்து உடனே வலையைப் போட வேண்டாம்.

வலை போட வேண்டிய நேரங்கள் வேறு. இரண்டு வாயும் கவ்விக்கொண்டு சுழன்று கீழே இறங்கினால் பிரித்துவிடுங்கள். ஒரே மீனையே மற்றொன்று நிறுத்தாமல் துரத்தினால், செதில் பறந்திருந்தால், ஒரு மீன் பில்ற்றருக்குப் பின்னாலோ மேல் மூலையிலோ செட்டையை ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றால், தீனிக்கு வராவிட்டால் பொறுக்க வேண்டாம். உடம்பில் நீளவாட்டில் கறுப்புக் கோடுகள் தெரிவது பயத்தின் அடையாளம். முதல் நாளில் எல்லாவற்றுக்கும் அது வரும். மூன்றாம் நாளும் ஒரு மீனில் அது போகவில்லையென்றால் அந்த மீனுக்குத் தொட்டிக்குள் போக்கிடம் இல்லை என்று அர்த்தம். குறுக்கு வாட்டில் வரும் கோடுகள் வேறு, அவை முட்டைக்கு ஆயத்தமான பெண்ணுக்கு வருபவை.

யாரை எடுப்பது? பலர் அடி வாங்கியதை எடுப்பார்கள். காயம் இருந்தால் அதை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதை மட்டும் எடுத்தால் அடித்தது அடுத்த நாளே இன்னொன்றைத் தெரிவு செய்துகொள்ளும். அடிப்பதையும் எடுத்துத் தனிப் பெட்டியில் ஒரு கிழமை வையுங்கள். இதற்கிடையில் தொட்டியில் சிரட்டைகளையும் செடிகளையும் இடம் மாற்றுங்கள். திரும்பி வரும்போது பழைய எல்லை எதுவும் அதற்கு இருக்காது, புதிதாக வந்த மீன் போலப் பின்வரிசையில் தொடங்கும். திரும்பத் திரும்ப இப்படியே செய்தும் அடங்காத மீனைத் தனியாகவே வைத்துவிடுங்கள். அது தனியாக வாழப் பிறந்தது, அதில் குறை ஒன்றுமில்லை.

அன்றாடம்

நாளுக்கு இரண்டு தரம், மிதக்கும் சின்னக் குளிகைத் தீனி, ஒரு மீனுக்கு இரண்டு மூன்று. ஒரே இடத்தில் போட வேண்டாம், தொட்டியின் இரண்டு அந்தத்திலும் நடுவிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். ஒரே இடத்தில் போட்டால் பலமானது எல்லாவற்றையும் விழுங்கி வயிறு வீங்கும், அடங்கியது பட்டினி கிடக்கும். தீனி நேரம்தான் தலை எண்ணும் நேரமும். ஏழும் வந்தனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கிழமையில் ஒரு நாள் தீனி வேண்டாம்.

நுளம்புக் குடம்பி இவற்றுக்கு உயிரான உணவு. அதற்காக முற்றத்தில் வாளித் தண்ணீர் வைத்துக் குடம்பி வளர்க்க வேண்டாம். 2007ஆம் ஆண்டின் நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வீட்டு வளவில் நுளம்பு பெருக இடம் விடுவது குற்றம். மலேரியா அற்ற நாடு என்று 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. வன்னியில் மலேரியாவில் படுத்தெழும்பிய பெரியவர்கள் இன்னும் வீடுகளில் இருக்கிறார்கள், டெங்குவும் போகவில்லை. உயிர்த் தீனி வேண்டுமென்றால் ஆர்ற்றீமியா (உப்புநீரில் வாழும் மிகச் சின்ன இறால் வகை) முட்டையைக் குஞ்சு பொரிக்க வைத்துக் கொடுக்கலாம், பொடியாக நறுக்கிய மண்புழு கொடுக்கலாம்.

கிழமைக்கு ஒரு முறை கால்வாசி முதல் மூன்றிலொரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஸ்பொஞ்சை எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், குழாயடியில் அல்ல. நைத்திரேற்று லீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே நின்றால் நல்லது, 40ஐத் தாண்டவிடக் கூடாது.

கூட்டாளிகள் சேர்ப்பதென்றால் அடியில் திரியும் சின்ன கோரிடோரஸ் வகைகளும் நத்தையும் போதும். கப்பி வேண்டாம், அதன் வாலைக் கண்டால் கடி நிச்சயம். கௌராமி, ரைகர் பார்ப் வேண்டவே வேண்டாம். ஆண் பைற்றரைப் "பெண்களோடு சும்மா" என்று விடுவது கூடாது. ஆண் இல்லாமலே பெண்கள் சில நேரம் முட்டை போட்டுத் தாமே தின்றுவிடும். அது நோயல்ல.

காயம் பட்ட மீனுக்குச் சுத்தமான தண்ணீர்தான் முதல் மருந்து. தனிப் பெட்டியில் லீற்றருக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் அயடீன் சேராத உப்பைக் கரைத்து, நாளாந்தம் தண்ணீர் மாற்றினால் கிழிந்த செட்டை மெல்ல வளர்ந்துவிடும். தொட்டிக்குள் உப்புப் போட்டால் செடிகள் வாடும். இக் வந்தால் அதே உப்போடு வெப்பநிலையை மெல்ல மெல்ல 30 பாகை வரை உயர்த்துங்கள். வெல்வெற்றுக்குச் செப்பு மருந்து தேவைப்படும், அதை நத்தை உள்ள தொட்டியில் போட்டால் நத்தை செத்துவிடும்.

கூட்டம் வயதாகும்போது

பைற்றரின் ஆயுள் பொதுவாக இரண்டு மூன்று வருடம், நல்ல வளர்ப்பில் அதற்கு மேலும் போகும். ஒரு வருடத்துக்குப் பிறகு ஒன்று குறையும், இன்னொன்று குறையும். ஒவ்வொரு முறை ஒன்று இறக்கும்போதும் வரிசை குலையும், குறிப்பாக எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பெண் போனால் சில நாள் துரத்தல் கூடும். அந்த நாட்களில் முதல் வாரத்தைப் போலவே கவனமாகப் பாருங்கள்.

குறைந்த இடத்துக்கு ஒரேயொரு புதிய மீனைக் கொண்டுவந்து விட வேண்டாம். பழைய எல்லாமும் சேர்ந்து அதைத் தாக்கும். சேர்ப்பதென்றால் இரண்டு மூன்றாக, தனிமைப்படுத்தி முடித்து, தொட்டியின் உள்ளமைப்பு முழுவதையும் மாற்றி, பழையவற்றையும் சில மணித்தியாலம் வெளியே எடுத்து, எல்லாவற்றையும் புதிதாக விடுவது போல விடுங்கள். மிச்சம் மூன்றாகி, அவையும் வயதானவை என்றால் கூட்டத்தைக் கலைத்துவிடுங்கள். இரண்டு தடுப்புப் போட்டு அதே தொட்டியை மூன்றாகப் பிரித்தால் அவை கடைசிவரை அமைதியாக இருக்கும்.

வேண்டாம் என்று தோன்றினாலும் எந்த மீனையும் குளத்திலோ வாய்க்காலிலோ விட வேண்டாம். தொட்டியிலிருந்து தப்பிய வெளிநாட்டு மீன்களால் நம் நாட்டு நீர்நிலைகள் ஏற்கெனவே பட்டது போதும். வளர்ப்பு மீன் கொண்டுபோகும் நோயும் குளத்து மீனுக்குப் புதிது. அக்கறையாக வளர்க்கக்கூடிய ஒருவரிடம், அதனுடைய பெட்டி, சிரட்டை, ஒரு பை தீனி எல்லாவற்றோடும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.